இட்டேரி தார்ச்சாலை ஆன கதை

கோவை மாவட்டம் காரமடையிலிருந்து மேற்கே தோலம்பாளையம் போகிற சாலையில் ராத்திரி என்னென்ன அடிபட்டுச் செத்தன என்று தெரிய வேண்டுமானால், விடிவதற்கு முன்னால் போய்விட வேண்டும். நன்றாக வெளுத்த பிறகு போனால் ஒன்றும் மிச்சமிருக்காது. காக்கை முந்திக்கொள்ளும், பின்னாலேயே பருந்து, நடுவில் தெருநாய். பால் வண்டியும் கல்லூரிப் பேருந்தும் நாலு நடை போய்வந்தால் தாரோடு தாராக ஒட்டிய ஒரு கறைதான் இருக்கும். அது தேரையா, ஓணானா, பாம்புக் குட்டியா என்று குனிந்து பார்த்தாலும் சொல்ல முடியாது.

சாலை இறப்புகளைக் கணக்கெடுப்பவர்களுக்கு இந்தத் துப்புரவுதான் முதல் தலைவலி. தவளை அளவுள்ள உடல் சில மணி நேரத்தில் காணாமல் போய்விடும். மயிலோ மரநாயோ என்றால் ஒரு பகலாவது கிடக்கும். அடிபட்டு, உயிரோடு புதருக்குள் ஊர்ந்து போய் அங்கே செத்தது யாருடைய நோட்டிலும் ஏறாது. ஆகவே, எந்த ஆய்வில் எந்த எண்ணைப் பார்த்தாலும், நடந்தது அதைவிட அதிகம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். செத்ததைத் தின்ன வருவதும் சாகும் என்பது இன்னொரு சங்கதி. நசுங்கிய எலிக்காக இறங்கும் பருந்து, முயலுக்காக வரும் நரி என்று ஒரு சாவு அடுத்த சாவைக் கூட்டி வரும். நடுச்சாலையில் கிடப்பதை ஒரு குச்சியால் ஓரத்துப் புதருக்குள் தள்ளிவிட்டுப் போகிறவர், தெரிந்தோ தெரியாமலோ இன்னொரு உயிரைக் காப்பாற்றுகிறார்.

இப்படி எண்ணத் தொடங்கி நூறாண்டு ஆகிறது. 1924 கோடையில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் டேட்டன் ஸ்டோனர் என்கிற விலங்கியலாளர் காரில் போய்வந்த 632 மைல் தூரமும் செத்துக் கிடந்தவற்றைக் குறித்துக்கொண்டே போனார். 29 வகை உயிரினங்கள், 225 உடல்கள். அடுத்த ஆண்டு 'சயன்ஸ்' இதழில் அதை எழுதினார். மோட்டார் வண்டி உயிரினங்களுக்கு ஒரு புதிய எமன் என்பதை அறிவியல் ஏட்டில் பதிவு செய்த தொடக்கக் கட்டுரைகளில் அது ஒன்று. பல்லாண்டு கழித்துத்தான் சாலைச் சூழலியல் என்று ஒரு துறையே கிளைத்தது.

வண்டி வருவதைக் கண்டால் எல்லா விலங்கும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. அந்தத் துறைக்காரர்கள் நான்கு ரகம் சொல்வார்கள். முதல் ரகத்துக்கு வண்டி ஒரு ஆபத்தென்றே உறைப்பதில்லை. ஐப்பசி மழையில் குட்டைக்குக் கிளம்பும் தேரைகள், பகல் சூடு தங்கிய தாரில் ராத்திரி வந்து படுக்கும் கண்ணாடிவிரியன், பூச்சி பிடிக்கத் திறந்த வெளி தேடி நடுச்சாலையில் உட்காரும் பக்கிக் குருவி எல்லாம் இதில் சேரும். இரண்டாம் ரகம் ஆபத்தைக் கண்டதும் அப்படியே நின்றுவிடும். நட்சத்திர ஆமை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளும், முயல் உறைந்துபோகும். நரியிடமும் பருந்திடமும் பலித்த வித்தை டயரிடம் பலிக்காது. மூன்றாவது ரகம் ஓடித் தப்பப் பார்க்கிறவை. புள்ளிமான் அப்படி. கூட்டத்தில் முதல் மான் தாண்டிவிட்டால் பின்னால் வருவதும் தாண்டியே தீரும், வண்டி பத்தடியில் இருந்தாலும் சரி. நான்காவது ரகம் சாலைப் பக்கமே வராது. அது அடிபடுவதில்லை, ஆனால் சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தண்ணீரும் துணையும் அதற்கு இல்லாமலே போய்விடும். உடல் கிடைக்காத இந்த இழப்புதான் எண்ணுவதற்கு எல்லாவற்றையும்விடக் கடினம்.

ஓட்டுநரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். எதிரே ஒன்று நிற்கிறது என்று கண் கண்டு, கால் பிரேக்கை மிதிக்க ஏறக்குறைய ஒன்றரை நொடி ஆகும். மணிக்கு 80 கிலோமீட்டரில் போகும் கார் அந்த ஒன்றரை நொடியில் 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த நல்ல சாலையில் இன்னொரு 36 மீட்டர். மொத்தம் 70 மீட்டர் அளவு. தாழ்த்திய முகப்பு விளக்கில் கருமையான சிறிய உருவம் கண்ணுக்குப் படுவதோ 40, 50 மீட்டரில். அதாவது 80-ல் போகிறவர் எவ்வளவு நல்ல மனசுக்காரராக இருந்தாலும், பார்த்த பிறகு நிறுத்த அவரால் முடியாது. 60-ல் போனால் 45 மீட்டர், தப்பலாம், தப்பாமலும் போகலாம். 40-ல் போனால் 26 மீட்டரில் வண்டி நின்றுவிடும். மழைத் தாரில் இந்தக் கணக்கெல்லாம் இன்னும் மோசம். 'கவனமாக ஓட்டுங்கள், வன விலங்குகள் நடமாடும் பகுதி' என்று பலகை வைப்பதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் இந்தக் கூட்டலைப் போட்டுப் பார்க்க வேண்டும். கவனம் வேகத்தை மீறி வேலை செய்யாது.

விலங்கின் கண்ணுக்கும் அதே நேரத்தில் ஒரு சோதனை. மரநாய், மான், நரி ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. விளக்கு பட்டால் கண் ஜொலிப்பது அதனால்தான். நட்சத்திர வெளிச்சத்தில் நடமாட அமைந்த அந்தக் கண்ணில் எல்இடி விளக்கு நேராக அடித்தால் சற்று நேரத்துக்கு எதுவும் தெரியாது. தெரியாத இடத்தில் ஓடாமல் நிற்பதுதான் எந்த உயிருக்கும் இயல்பு. 'அது பாட்டுக்கு நடுரோட்டுல நின்னுக்கிச்சுங்க' என்று ஓட்டுநர்கள் சொல்வதில் பொய் இல்லை.

இதெல்லாம் விலங்கு சாலைக்கு வந்துவிட்ட பிறகு நடப்பது. அது ஏன் சாலைக்கு வந்தது என்பதுதான் காரமடைக்காரர்கள் யோசிக்க வேண்டிய கேள்வி. காடு பக்கத்தில் இருக்கிறது, அதனால் வருகிறது என்று விடை சொல்லிவிடலாம். கோவை வனக்கோட்டத்தின் ஏழு சரகங்களில் காரமடையும் ஒன்று. மேற்கே வெள்ளியங்காடு தாண்டினால் மலை, பில்லூர் அணை, பவானி ஆறு. ஆனால் கீரியும் காட்டுமுயலும் உடும்பும் மலையிலிருந்து இறங்கி வந்தவை அல்ல. அவை தோட்டங்காட்டு உயிர்கள். தலைமுறை தலைமுறையாக ஊருக்குள்ளேயே இருந்தவை. அவற்றின் வீடு இட்டேரி.

இட்டேரியை இன்றைய பிள்ளைகளுக்கு விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டு பக்கமும் தோட்டங்களின் உயிர்வேலி, நடுவில் ஒரு மாட்டு வண்டி போகிற அகலத்தில் பாதை. மழைக்காலத்தில் அதுவே தண்ணீர் ஓடும் வாய்க்காலாகவும் இருக்கும், வண்டிச் சக்கரமும் வெள்ளமும் அரித்து அரித்துச் சில இடங்களில் இடுப்பளவு பள்ளமாகியிருக்கும். வேலிக்கு முதுகெலும்பு கிளுவை. மழைக்கு முன்னால் கிளுவைக் கொம்பை வெட்டி வரிசையாக நட்டால் போதும், வேர் பிடித்துவிடும். கோடையில் இலையெல்லாம் கொட்டிவிட்டு வெறும் முள்ளும் குச்சியுமாக நிற்கும், பட்டையைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே பச்சை. அதன் மேல் பிரண்டையும் கோவைக்கொடியும் பின்னிக்கொள்ளும். இடையிடையே காரை, சங்கமுள், கள்ளி, கற்றாழை. அங்கங்கே ஒரு வேம்பு, ஒரு பனை, ஒரு வெள்வேல மரம். பெரும்பாலும் யாரும் நட்டவை அல்ல இவை. வேம்பு, வேலியில் உட்கார்ந்த குருவி எச்சத்தோடு போட்டுவிட்டுப் போன விதை.

எட்டடி, பத்தடி அகலமுள்ள இந்த முள்ளடர்த்திக்குள் எட்டிப் பார்த்தால் ஒரு குடித்தனமே நடக்கும். அடியில் சருகு, சருகுக்கடியில் அரணை, பூரான். வேரடியில் எலி வளை, எலியைத் தேடிச் சாரை, சாரையைத் தேடிக் கீரி. நடுமட்டத்தில் செம்போத்தின் கூடு. அடிவாரத்தில் கவுதாரியின் முட்டை. பனை மட்டைக்குள் பகலெல்லாம் தூங்கும் மரநாய், பொந்தில் புள்ளி ஆந்தை. எலியைத் தின்கிற மூன்று நான்கு பேர் வேலியிலேயே குடியிருந்ததால் நிலக்கடலைக் காட்டுக்கு இலவசக் காவல். காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகள், அதாவது கிளுவை வேலி போட்டுக் கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேலமும் வளர விட்ட மேய்ச்சல் நிலங்கள், இதே ஏற்பாட்டின் பெரிய வடிவம். கொங்கு நாடு மழை மறைவுப் பிரதேசம், காடு அடர்ந்து வளர்கிற சீமை அல்ல. இங்கே காட்டின் வேலையில் ஒரு பங்கை வேலி செய்தது. ஒரு தோட்டத்து வேலி அடுத்த தோட்டத்து வேலியைத் தொட்டு, அது ஓடைப்பள்ளத்தின் ஓரத்தைத் தொட்டு, பள்ளம் மலையடிவாரத்தைத் தொட்டது. வெட்டவெளியில் கால் வைக்காமலே ஒரு கீரி ஊர் ஊராகப் போய்வர முடிந்தது.

இந்த வலை அறுந்ததற்குக் கெட்ட எண்ணம் காரணம் இல்லை. வேலிக்கு ஆண்டுதோறும் கவாத்து வேண்டும், இடைவெளியில் முள் வைத்து அடைக்க வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆளும் இல்லை, கூலிக்கு வருகிறவரும் இல்லை. நிலம் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்து ஒடுங்கியபோது, இருபுறமும் எட்டடியை விழுங்கும் வேலி கண்ணை உறுத்தியது. சென்ட் கணக்கில் விலை பேசுகிற காலம் வந்ததும் வேலி நிற்கிற இடத்துக்கும் ஒரு விலை வந்துவிட்டது. பொக்லைன் ஒரு காலை நேரத்தில் அரை மைல் வேலியை வாரிப் போட்டுவிடும். பிறகு கல்லுக்கால், முள்கம்பி, அல்லது கம்பி வலை. மனைப்பிரிவு போட்டால் அதுவும் இல்லை, மட்டம் தட்டிய செம்மண்ணும் எல்லைக் கல்லும்தான். இட்டேரிக்குத் தார் வந்தது, அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பிரசவ வலியில் இருக்கிற பெண்ணைச் சேற்றில் வண்டி கட்டிக் கொண்டுபோன காலத்தை யாரும் திரும்பக் கேட்கப் போவதில்லை.

நடந்தது என்னவென்றால், பாதை அதே இடத்தில் இருந்தது, இரண்டு பக்கத்துக் கூரையும் சுவரும் போயின. முன்பு கீரி வேலிக்குள்ளிருந்து எதிர்வேலிக்குப் போக எட்டடி வண்டித் தடத்தைத் தாண்டியது, மாட்டு வண்டி மணிக்கு நாலு கிலோமீட்டரில் வந்துகொண்டிருந்தது. இன்று அதே கீரி, வேலி நின்றுபோன இடத்திலிருந்து அடுத்த புதர் எங்கே என்று தேடிக்கொண்டு தார், மண், காலி மனை எல்லாவற்றையும் திறந்தவெளியில் கடக்க வேண்டும். வண்டி 60-ல் வருகிறது. நிலத்தைச் சுத்தம் செய்வதும் சாலையில் அடிபடுவதும் வேறு வேறு துறை பார்க்கும் வேறு வேறு பிரச்சினைகளாகக் கோப்புகளில் இருக்கின்றன. நிலத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே சம்பவத்தின் காலையும் மாலையும். காலையில் வேலி போகிறது, மாலையில் அதில் குடியிருந்தது ரோட்டுக்கு வருகிறது.

மரத்தில் வாழ்கிறவற்றுக்கு இது இன்னும் கடுமை. தேவாங்கைப் பாருங்கள். கரூர், திண்டுக்கல் மாவட்டங்களின் கடவூர்ப் பகுதியில் தேவாங்குக்கென்று 11,806 ஹெக்டேரில் இந்தியாவின் முதல் சரணாலயத்தைத் தமிழக அரசு 2022-ல் அறிவித்தது. தேவாங்கு தாவத் தெரியாத பிராணி. ஒரு கிளையைப் பிடித்த பிறகுதான் முந்தைய கிளையை விடும். இரண்டு மரத்துக்கு நடுவே ஒரு முழம் இடைவெளி விழுந்தாலும் அது தரையில் இறங்கி நடந்தாக வேண்டும், தரையில் அதன் நடை நொண்டி நடை. சாலையோரப் புளியமரங்களின் கிளைகள் மேலே கைகோத்திருந்தவரை அதற்குச் சாலை என்று ஒன்றே கிடையாது. ஆஸ்திரேலியாவில் கோலாவுக்கு நடப்பதும் அதேதான். யூக்கலிப்டஸ் காடுகளை அழித்ததால் மரத்திலிருந்து மரத்துக்குத் தரை வழியாக நடக்க நேர்ந்து, காரிலும் நாயிடமும் மாட்டிச் சாகிறது. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் பகுதிகளில் 2022-ல் அதை அழியும் நிலை உயிரினமாக அறிவிக்க வேண்டியதாயிற்று. நம் வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே துண்டுபட்ட சோலைகளில் வாழும் சிங்கவால் குரங்குகளுக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் பாலம் கட்டினார்கள். குரங்குகள் அதில் நடக்கின்றன. இருந்த கிளையை வெட்டாமல் விட்டிருந்தால் அந்தச் செலவும் இல்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் பச்சையெல்லாம் நல்லது என்றாகிவிடும். வேகமான நெடுஞ்சாலையின் விளிம்பிலேயே அடர்ந்த புதரை வளர்த்தால் அது விலங்குகளைச் சாலைக்கு அழைத்து வரும் வலை. ஓட்டுநருக்கும் கடைசி நொடிவரை எதுவும் தெரியாது. மேட்டுப்பாளையம் சாலை ஓரத்தில் கிளுவை நடச் சொன்னால் அது விவேகமான யோசனை அல்ல. சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் அடைத்துக்கொண்ட ஓரத்தை உயிர்வேலி என்று சொல்லவும் கூடாது, யானையும் பன்றியும் பகலில் படுத்துக்கொள்ள மறைவு கிடைத்ததே தவிர அதனால் வேறு நன்மை பெரிதாக இல்லை. இட்டேரி வேலை செய்ததற்கு இரண்டு காரணம் சேர்ந்திருக்க வேண்டியிருந்தது. வேலியும் வேண்டும், வண்டி மெதுவாகவும் போக வேண்டும். வேகச் சாலை, மெதுச்சாலை இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

வேகத்தின் பங்கைப் பார்க்கக் கோவை மாவட்டத்திலேயே இரண்டு ரயில் தடங்கள் இருக்கின்றன. மேட்டுப்பாளையத்துக்கு அடுத்த கல்லாறு, யானைகள் சத்தியமங்கலம் பக்கத்துக்கும் காரமடை, போளுவாம்பட்டிப் பக்கத்துக்கும் போய்வரும் குறுகலான வழி. ஒரு பக்கம் மலைச்சரிவு, இன்னொரு பக்கம் பாக்குத் தோட்டமும் கட்டடங்களும், நடுவே குன்னூர் நெடுஞ்சாலை. 1899-ல் குன்னூர்வரை ஓடத் தொடங்கிய நீலகிரி மலை ரயிலின் பற்சக்கரத் தடமும் கல்லாறில்தான் ஆரம்பிக்கிறது. அந்த ரயில் ஏறும் வேகத்துக்கு, தண்டவாளத்தில் யானை நின்றால் ரயில் நிற்கும், யானை போன பிறகு கிளம்பும். பயணிகள் படம் எடுத்துக்கொள்வார்கள்.

தெற்கே மதுக்கரை, எட்டிமடை, வாளையார்த் தடத்தில் கதை வேறு. அது கேரளத்துக்குப் போகும் பிரதான பாதை, எக்ஸ்பிரஸ்கள் இரவும் பகலும் ஓடும். 2021 நவம்பரில் நவக்கரை அருகே மங்களூரிலிருந்து சென்னைக்கு வந்த எக்ஸ்பிரஸ் மோதி ஒரே இரவில் 3 யானைகள் செத்தன. அதற்கு முன்னும் பல. யானை 22 மாதம் சுமந்து ஒரு கன்று ஈன்று, அடுத்ததற்கு நாலைந்து ஆண்டு எடுத்துக்கொள்ளும் விலங்கு. எலியைப் போல இழப்பை ஈடுகட்ட அதனால் ஆகாது. 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் வனத்துறை ஒரு கண்காணிப்பு ஏற்பாட்டைத் தொடங்கியது. 12 கோபுரங்கள், அவற்றில் சாதாரணக் கேமராவும் உடல் வெப்பத்தைப் பார்க்கும் கேமராவும். யானை தடத்தை நெருங்கினால் கணினி இனம் கண்டு கட்டுப்பாட்டு அறைக்குச் சொல்லும், அங்கிருந்து ரயில்வேக்கும் ரோந்துக்காரர்களுக்கும் தகவல் போகும். செலவு 7.24 கோடி ரூபாய். ரயில்வே தன் பங்குக்குத் தண்டவாளத்துக்கடியில் யானைகள் போக வழி திறந்தது. தகவல் போய் ரயில் என்ன செய்கிறது? வேகத்தைக் குறைக்கிறது. கோபுரம், கேமரா, செயற்கை நுண்ணறிவு எல்லாம் சேர்ந்து அந்த இடத்தில் அந்தச் சில நிமிடத்துக்கு அந்த எக்ஸ்பிரஸைக் கொஞ்சம் கல்லாறு ரயிலாக்குகின்றன, அவ்வளவுதான்.

யானைக்கு இது கிடைத்தது, நல்லது. ஆனால் யானையின் வழியை அடைத்ததும் அதே நிலச் சுத்தம்தான் என்பதை மறந்துவிடுகிறோம். காரமடைக்குத் தெற்கே தடாகம் பள்ளத்தாக்கில் 180-க்கும் மேற்பட்ட சேம்பர் செங்கல் சூளைகள் செம்மண்ணைத் தோண்டித் தோண்டி எடுத்தன. 2021-ல் அவை மூடப்பட்டன. அதற்குள் யானைகள் நடந்த தரை பல இடத்தில் செங்குத்தான குழியாகியிருந்தது. சூளைக்கு விறகாக வந்த பனைமரத்தின் சோற்றுக்கு யானைகள் பழகிப்போனது தனிக்கதை. வழியை அடைத்து, பக்கத்தில் தீனியும் வைத்துவிட்டு, ஊருக்குள் யானை வந்துவிட்டது என்று 2019 ஜனவரியில் சின்னத்தம்பி என்கிற யானையைப் பிடித்து டாப்சிலிப்பில் விட்டார்கள். அது கீழே இறங்கி உடுமலைப்பேட்டைவரை நடந்து கரும்புக்காட்டில் நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து முகாமுக்குக் கொண்டுபோனார்கள். விலங்கை இடம் மாற்றுவது எளிதாகத் தெரியும், அதன் தலைக்குள் இருக்கிற நிலப்படத்தை மாற்ற முடியாது.

வேகச் சாலைகளுக்கு உலகம் கண்டுபிடித்த மருந்து இரண்டு. ஒன்று, நேரத்தைப் பிரித்துக்கொள்வது. கர்நாடகத்தின் பண்டிப்பூர்க் காட்டு வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை. நம் பக்கத்தில் பண்ணாரி, திம்பம் மலைப்பாதைக்கு 2019-ல் ஈரோடு ஆட்சியர் அதேபோல ஒரு தடையை அறிவித்தார், அது காகிதத்தில் கிடந்தது. 2022 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. தாளவாடி விவசாயிகள் கொதித்தார்கள். முட்டைக்கோசும் தக்காளியும் ராத்திரி கிளம்பினால்தான் விடிகாலைச் சந்தைக்குச் சேரும், அது நியாயமான கவலை. பிறகு உள்ளூர்க்காரர்களுக்குச் சலுகை தந்து ஆணை திருத்தப்பட்டது. 27 கொண்டை ஊசி வளைவில் சிக்கிக்கொண்டு விடிய விடிய வழியை மறிக்கும் பல சக்கர லாரிதான் அங்கே பெரிய தொல்லை என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்த விஷயம். பேச்சு அங்கிருந்து தொடங்கியிருந்தால் இவ்வளவு முறுக்கு இருந்திருக்காது.

இரண்டாவது மருந்து, மேலே வண்டி, கீழே விலங்கு. மத்தியப் பிரதேசமும் மகாராஷ்டிரமும் சேரும் பெஞ்ச் காட்டில் 44-ம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது விலங்குகளுக்காக 9 இடங்களில் சாலையைத் தூக்கிக் கட்டினார்கள். இந்திய வனவிலங்கு நிறுவனம் 2019-ல் கேமரா வைத்துப் பார்த்ததில் புலி உட்பட 18 வகை விலங்குகள் அவற்றின் கீழே நடந்தன. கனடாவின் பான்ஃப் பூங்காவில் சாலையோரம் வேலி போட்டு, அந்த வேலி விலங்கைப் பாலத்துக்குக் கூட்டிப் போகும்படி செய்ததில், பெரிய விலங்குகள் மோதிச் சாவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அங்கே கரடிகள் பாலத்தை நம்பிக் கால் வைக்கச் சில ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. கட்டி முடித்த ஆறாம் மாதத்தில் 'ஒன்றும் வரவில்லையே' என்று கணக்குக் கேட்கிற நம் பழக்கத்துக்கு இது உதவும் தகவல்.

தோலம்பாளையம், வெள்ளியங்காடு, மருதூர், பெள்ளாதி போன்ற காரமடைக் கிராமச் சாலைகளுக்கு இந்த இரண்டும் வேண்டாம், கட்டுப்படியும் ஆகாது. அங்கே வேண்டியது சின்ன வேலைகள். ஒவ்வொரு பள்ளத்துக்கு மேலும் ஒரு குழாய்ப்பாலம் ஏற்கெனவே இருக்கிறது. கீரியும் மரநாயும் உடும்பும் அதற்குள் நுழைந்து போகத் தயார்தான். சில நிபந்தனைகள் மட்டும் உண்டு. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிய வேண்டும், கால் நனையாமல் போக ஓரத்தில் ஒரு மேடு வேண்டும், வாயில் பிளாஸ்டிக்கும் கோழிக்கடைக் கழிவும் அடைத்திருக்கக் கூடாது. பள்ளத்தோரத்தில் மிஞ்சியிருக்கிற புதர் அந்த வாய்வரை தொடர்ந்தால் விலங்கு தானாக அதற்குள் போகும், மேலே ஏறாது. நெதர்லாந்தில் கால்வாய்ப் பாலங்களுக்கடியில் ஓரமாக ஒரு பலகை வைத்தே வளைக்கரடிகளையும் சிறு பிராணிகளையும் சாலைக்குக் கீழே அனுப்புகிறார்கள்.

புறம்போக்கு வண்டிப்பாதையாக இன்னும் மண்ணோடு கிடக்கும் இட்டேரிகள் ஒவ்வொரு ஊராட்சியிலும் ஒன்றிரண்டு இருக்கும். அவற்றின் வேலி பட்டாவில் பாதி, புறம்போக்கில் பாதி. வேலியை விட்டுவைக்கிற தோட்டத்துக்காரருக்கு இன்று கிடைப்பது ஒன்றுமில்லை. மயிலும் பன்றியும் தின்றது போக மிச்சத்தை விற்கிறவரிடம் போய் வேலியின் அருமை பேசினால் 'நீங்க வந்து ஒரு வருசம் வெள்ளாமை பண்ணிப் பாருங்க' என்பார். சொட்டு நீர்க்குழாய்க்கு மானியம் தருகிற அரசு, அடி கணக்கில் கிளுவை வேலிக்கும் ஒன்று தரலாம். நடவு செய்ய நாற்றுக்கூட வாங்க வேண்டியதில்லை, பக்கத்து வேலியில் நாலு கொம்பு வெட்டினால் போதும்.

குழாய்ப்பாலத்தில் ஓரமேடு வைப்பதற்கு வனத்துறையின் அனுமதியோ நீதிமன்றத்தின் ஆணையோ தேவைப்படாது. கிராமச் சாலையை மறுபடி போட மதிப்பீடு தயாராகும்போது ஒன்றியப் பொறியாளர் அந்தக் காகிதத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: குழாய் விட்டம் இத்தனை, உள்ளே ஒரு பக்கம் முக்கால் அடி அகலத்தில் கான்கிரீட் திண்டு, இரு வாயிலும் கரையோடு சேரும் சரிவு. சாலை போடுவது பெரும்பாலும் மழைக்கு முந்திய மாதங்களில். அப்போதே, ஆவணியில், கிளுவைக் கொம்பும் வைத்துவிட்டால் ஐப்பசித் தேரைகள் கிளம்புவதற்குள் துளிர்த்திருக்கும்.